கலையரங்கத்தில் அட்சதை

எங்கள் ஊர்க் கலையரங்கத்தின் குளிர்கால இசைவிழாவுக்கு அழைப்பிதழ் அடித்து வந்துவிட்டது. வழுவழுப்பான தாள். முன்பக்கம் வீணைப் படம், உள்ளே பாடகர்கள் வரிசையாகச் சிரிக்கிறார்கள். பின்பக்கத்தில் எப்போதும் உள்ள விதிகள்: கைபேசியை அணைத்து வையுங்கள், தின்பண்டம் கொண்டுவராதீர்கள். அதற்குக் கீழே இந்த வருஷம் புதிதாக ஒன்று போட்டிருக்கிறார்கள். 'அரங்கினுள் அரிசி, பூ முதலியவற்றைத் தூவ வேண்டாம்.' வேறு எந்தச் சபாவும் இப்படி ஒரு விதி போட்டிருக்காது. இது எங்கள் ஒரு குடும்பத்துக்காகவே போட்டது. அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிட்டது.

முதலில் இந்தக் 'குளிர்கால' சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியில் ஏது குளிர் என்று கேட்காதீர்கள். மார்கழி பிறந்தால் பாடகர்கள் எல்லாரும் சென்னைக்குப் போய்விடுவார்கள். இங்கே கூப்பிட்டால் போனைக்கூட எடுக்கமாட்டார்கள். பொங்கல் கழிந்து, தொண்டை களைத்துப்போய்த் திரும்புகிற தை மாதத்தில்தான் எங்களுக்குக் கிடைப்பார்கள். மார்கழி விழா என்று போட வழியில்லை. தை விழா என்றால் முருகன் கோயில் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. அதனால் குளிர்காலம். விடிகாலையில் ஆற்றங்கரைப் பக்கம் கொஞ்சம் பனி விழும், அதை வைத்து ஒப்பேற்றிக்கொள்கிறோம்.

என் வீட்டுக்காரர் முகர்சிங் வாசிப்பவர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இரும்பு வாத்தியம். நடுவில் மெல்லிசாக ஒரு நாக்கு இருக்கும். பல்லோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு விரலால் சுண்டினால் 'டொய்ங்' என்று பேசும். மனுஷன் ஓய்வுபெறும்வரை பேருந்துப் பணிமனையில் இரும்போடு மல்லுக்கட்டினார். ஓய்வுபெற்ற பிறகு இரும்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நான் கேலி செய்வேன். அவருக்குக் கோபமே வராது. வீட்டில் கோபப்படுகிற வேலை முழுக்க என்னுடையது.

கச்சேரி மேடையில் நடுவில் பாடகர் இருப்பார். ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம். மிருதங்கத்துக்குப் பின்னால், திரைச்சீலை ஓரமாக இவர். சால்வை போடும்போது எடுக்கிற படங்களில் இவருடைய முழங்கை மட்டும் விழுந்திருக்கும். அப்படி நிறைய முழங்கைப் படங்கள் எங்கள் வீட்டில் இருக்கின்றன.

இந்த வாத்தியத்துக்கென்று கச்சேரியில் ஒரே ஓர் இடம்தான். பெரிய பாட்டைப் பாடி முடித்ததும் பாடகர் வாயை மூடிக்கொண்டு தாளம் மட்டும் போடுவார். மிருதங்கமும் முகர்சிங்கும் மாறி மாறிப் பேசும். அதுதான் தனி ஆவர்த்தனம். நம் சனங்கள் எழுந்து போவதற்கென்றே வைத்திருக்கிற இடமும் அதுதான். தனி தொடங்கியதும் நாற்காலிகள் கிறீச்சிடும், செருப்புகள் சரசரக்கும், கதவு திறந்து திறந்து மூடும். வெளியே கேன்டீன்காரர் மிருதங்கத்தின் முதல் அடி காதில் விழுந்ததும் உளுந்த வடையை எண்ணெயில் போடுவார். அவருக்கு அது கணக்கு. ரசிகர்கள் கேன்டீனுக்கு வந்து சேரவும் வடை சிவக்கவும் சரியாக இருக்கும். இத்தனை சத்தத்துக்கு நடுவில் உள்ளங்கை வாத்தியம் என்ன பேசி, யார் காதில் விழ?

"ஒரு தடவயாவது யாரும் எந்திரிக்காம இருந்து கேக்கணும், அங்கன அக்காவும் இருக்கணும். அது போதும் எனக்கு" என்பார். இதைத் தவிர அந்த மனுஷன் என்னிடம் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

அக்கா என்பது இவருடைய ஒரே அக்கா. எனக்கு மைனி. சாத்தான்குளத்தில் இருக்கிறார். இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். நான் கடற்கரை ஊரில் பிறந்த வேதக்காரி, கிறிஸ்தவள். எங்களுக்குப் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. எங்கள் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கவில்லை, அவர்கள் பக்கத்துக் கெட்டிமேளமும் கொட்டவில்லை. யாருக்கும் சொல்லாமல், கையெழுத்துப் போட்டு, வெளியே வந்து ஆளுக்கொரு சர்பத் குடித்தோம். அவ்வளவுதான் எங்கள் முகூர்த்தம்.

என் வீட்டார் கத்தித் தீர்த்துவிட்டு அடுத்த கிறிஸ்துமஸுக்கு மீன் குழம்போடு வந்து சேர்ந்தார்கள். மைனி கத்தவே இல்லை. நான் வேற்று மதம் என்பதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. "என்னைய அழைச்சானா?" அந்த ஒரு கேள்விதான். முப்பது வருஷத்துக்கு மேலாக அதே கேள்வி. அவர்கள் பக்கத்தில் துக்கம் என்றால் தகவல் வந்தால் போதும், ஓடி வந்துவிடுவார்கள். விசேஷம் என்றால் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தாம்பூலத் தட்டோடு வீட்டுக்கு வந்து அழைக்க வேண்டும். அழைக்காத இடத்தில் கால் வைக்கமாட்டார்கள். என் அப்பா இறந்தபோது மைனி முதல் பஸ்ஸில் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நல்லதுக்கு வந்ததில்லை.

நல்லது என்று எங்களுக்கு எது நடந்தது? பிள்ளை இல்லை. அதனால் வளைகாப்பு இல்லை, காதுகுத்து இல்லை, கல்யாணம் இல்லை. சொந்த வீடு கட்டவில்லை, ஆகவே பால் காய்ப்பும் இல்லை. மைனியை அழைக்க வேண்டும் என்று நினைத்தாலும் அழைக்க ஒரு விசேஷம் வாய்க்கவில்லை. இவருக்கு அறுபது நிறைந்தபோது அறுபதாம் கல்யாணம் வைக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. எந்த முறையில் வைப்பது, யார் முன்னால் நின்று நடத்துவது என்று யோசித்து யோசித்தே நாள் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. சொல்லிக்கொண்டதில்லை.

அப்போதுதான் கலையரங்கத்திலிருந்து போன் வந்தது. போன தையில் நடந்த குளிர்கால விழாவில், வெளியூரிலிருந்து வருகிற பெரிய பாடகிக்கு இவர் முகர்சிங் வாசிக்க வேண்டும். கோயில் மண்டபம் இல்லை, கல்யாண மண்டபம் இல்லை, கலையரங்கம். ஏசி போட்ட ஹால். இவர் அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் சாப்பிட்டார்.

சந்தோஷத்தில் அழைப்பிதழைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் மைனியின் போன்.

"ஏலே, போன்ல படம் அனுப்பினா அது அழைப்பாலே? அன்னைக்கும் அழைக்கல, இன்னைக்கும் அழைக்கல. நல்லா இரு."

வைத்துவிட்டார். இவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மைனி மேல் இல்லை, இவர் மேல்.

"சட்டைய மாட்டுங்க. அக்காவுக்குத் தட்டுதானே வேணும்? தட்டோட போவோம்."

"கச்சேரிக்கு யாருளா தட்டு வச்சு அழைப்பாவ?"

"நாம அழைப்போம். வேற எதுக்கு அழைக்கப்போறோம்?"

வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு நாட்டுப்பழம், கற்கண்டு வாங்கினேன். என் பங்குக்கு இருக்கட்டும் என்று தூத்துக்குடி மக்ரூன் ஒரு பெட்டி. மைனியை மட்டும் அழைத்தால் மற்றவர்கள் முறைப்பார்கள் என்பதால் வழியிலுள்ள உறவுகளையும் சேர்த்துக்கொண்டோம். பஸ் ஏறி முதலில் ஸ்ரீவைகுண்டத்தில் இவருடைய மாமா வீட்டுக்குப் போனோம். மாமா தட்டைப் பார்த்தார், இவருடைய நரைத்த தலையைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"அறுபது முடிஞ்சிட்டுல்லா! நாள் எப்பம்?"

"அறுபதாம் கல்யாணம் இல்ல மாமா, கச்சேரி" என்றேன்.

"கச்சேரி இல்லாம பின்ன? வைங்க, நல்லா வைங்க. வேன் பிடிச்சு வந்திருவோம்."

கலையரங்கம் என்றேன். பெரிய ஹாலாகத்தான் பார்த்திருக்கிறீர்கள் என்றார். பாடகி பெயரைச் சொன்னேன். செலவு பாராமல் செய்கிறீர்கள் என்று கண்கலங்கினார். ஆழ்வார்திருநகரியில் இரண்டு வீடு. அங்கேயும் இதே கதை. தாம்பூலத் தட்டு சொல்வதை நான் வாயால் மாற்றிச் சொன்னால் எடுபடவில்லை. இவர் மூலையில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். எனக்கு அலுத்துவிட்டது. ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

சாத்தான்குளத்தில் மைனி வேறு மாதிரி. தட்டை இரண்டு கையாலும் வாங்கிச் சாமி படத்தின் முன்னால் வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அழைப்பிதழை முதல் எழுத்திலிருந்து படித்தார்.

"இதுல இவன் பேரு எங்கன இருக்கு?"

காட்டினேன். கடைசியில், பொடி எழுத்தில் இருந்தது.

"இம்புட்டுச் சின்னதாவா போடுவாவ?" என்று அழைப்பிதழைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு என்னிடம், "இவன் எப்பம் வாசிப்பான்? அதச் சொல்லு."

நான் தனி ஆவர்த்தனத்தை விளக்கினேன். கூடவே மனதில் இருந்ததையும் கொட்டிவிட்டேன். "அந்த நேரம் பாத்து எல்லாரும் எந்திரிச்சிப் போயிருவாவ மைனி. நீங்களாவது இருக்கணும். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்."

"ஏன் போவாவ?"

"காபி குடிக்க."

மைனி மக்ரூனில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "வாரேன்" என்றார்.

கச்சேரி அன்றைக்குக் கலையரங்க வாசலில் வேன்கள் வந்து நின்றதைப் பார்க்க வேண்டுமே! பட்டுச் சேலை, தலை கொள்ளாத பிச்சிப்பூ, சட்டைப்பையில் மொய்க் கவர். கலையரங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர், பாவம், வாசலில் நின்று கைகுலுக்கியே களைத்துப்போனார்.

"இவங்கள்லாம் யாரும்மா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

"ரசிகர்கள் சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

வருஷக்கணக்காக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பழகிய ரசிகர்கள் இடம் தெரியாமல் தவித்தார்கள். மைனி இரண்டாவது வரிசையின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "ஏளா, இங்கன வா" என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கச்சேரி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் மடியிலிருந்து ஒரு தூக்குச்சட்டி கிளம்பி வரிசை வரிசையாகக் கைமாறிப் போனது. எல்லாரும் கையை விட்டு எடுத்தார்கள். பலகாரம் போல என்று நினைத்துக்கொண்டு, செயலாளர் பார்த்துவிடக் கூடாதே என்று மாதாவை வேண்டினேன்.

பாடகி நன்றாகத்தான் பாடினார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. திரைச்சீலை ஓரத்தில் இருந்த என் ஆளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய பாட்டு வந்தது, முடிந்தது. பாடகி மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். மிருதங்கம் பேசத் தொடங்கியது. அந்த நொடியே பின்வரிசையில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. வெளியே எண்ணெய் வாசனை கிளம்பிவிட்டது.

மைனி எழுந்தார். எனக்குத் திக்கென்றது, மைனியுமா என்று. அவர் பின்பக்கம் திரும்பி நின்றார்.

"எங்க போறீய எல்லாரும்?"

மைக்கே வேண்டாத குரல். எழுந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"என் தம்பி இப்பம்தான் வாசிக்கப் போறான். முகூர்த்த நேரத்துல பந்திக்கு ஓடுத சனங்கள இன்னைக்குத்தான் பாக்கேன். உக்காருங்கய்யா! வடை எங்கயும் ஓடிராது."

சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு இதைவிட அவமரியாதை வேறில்லை. விசேஷ வீட்டில் தாலி கட்டுமுன் எவனாவது எழுந்து போவானா? கதவுப் பக்கம் இருந்த மாமா எழுந்து கதவை மறித்துக்கொண்டு, "இரும் வே, இரும். பைய போகலாம்" என்றார். ரசிகர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் உட்கார்ந்தார், அவரைப் பார்த்து மற்றவர், பிறகு எல்லாரும். செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேடையில் பாடகி தாளம் போட்டபடியே சிரிப்பை அடக்குவது நன்றாகத் தெரிந்தது. மிருதங்கக்காரர் தன் பங்கை முடித்து இவர் பக்கம் கையை நீட்டினார்.

டொய்ங்.

அந்த ஹாலில் ஒரு நாற்காலி அசையவில்லை. எத்தனையோ வருஷம் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போன சத்தம்தான். சமையலறையில் நான் தாளிக்கும்போதெல்லாம் பின்னால் கேட்டுக்கொண்டிருக்கும். அன்றைக்கு அது ஹாலின் கடைசிச் சுவர்வரை போவது தெரிந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். மிருதங்கம் ஒன்று சொன்னால் இவர் அதையே திருப்பிச் சொன்னார், கொஞ்சம் குறும்பு சேர்த்துச் சொன்னார். சிறுபிள்ளை மாதிரி இருந்தது முகம். மைனி என் கையை விடவே இல்லை.

பிறகு இரண்டு வாத்தியமும் ஒன்றாகச் சேர்ந்து முடிவை நோக்கி ஓட ஆரம்பித்தன. வேகம் கூடியது, சத்தம் கூடியது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. மேளம் அப்படி விரைந்து ஏறினால் அதற்கு எங்கள் சொந்தக்காரர்கள் அறிந்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்.

"கெட்டிமேளம்!" என்று மாமா கதவருகிலிருந்து கத்தினார்.

மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. கைகள் உயர்ந்தன. மஞ்சள் அரிசி மழையாகப் பறந்தது. மேடையில், பாடகியின் மடியில், வயலின்மேல், மிருதங்கத்தின் தோலில் விழுந்து துள்ளியது. மிருதங்கக்காரர் மிரண்டாலும் கையை நிறுத்தவில்லை, வாழ்க அவர். என் தலையில் ஒரு கைப்பிடி விழுந்தது. மைனி போட்டது. இவர் கண்ணைத் திறந்து பார்த்தார், வாயில் இரும்பு இருந்ததால் சிரிக்க முடியவில்லை. முழுவதையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் சிரித்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் கூத்து. பந்தி எங்கே என்று கேட்டுக் கூட்டம் கேன்டீனுக்குள் புகுந்தது. வடை அத்தனையும் கருகிக் கிடந்தது. செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது கல்யாண மண்டபம் இல்லம்மா" என்றார். மன்னிப்புக் கேட்டேன், சிரிப்பை அடக்கிக்கொண்டுதான். மறுநாள் காலையில் தலை சீவும்போது அரிசி உதிர்ந்தது. பெருக்கித் தள்ளினேன். கச்சேரியைக் கல்யாணம் என்று நினைத்துக்கொண்ட இந்தக் கூட்டத்தின் கதையை ஒரு வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷமும் இவருக்கு வாசிப்பு இருக்கிறது. பாடகியே கேட்டு வாங்கிக்கொண்டாராம், அரிசி போடுகிற ஊர்க்காரர்தான் வேண்டும் என்று. போன வாரம் மழையோடு மழையாகத் தட்டை எடுத்துக்கொண்டு சாத்தான்குளம் போனோம். பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் கிளம்பாமல் கிடந்தது. இரும்பைக் கண்டால் விடுவாரா, இவர் அங்கே போய்க் குனிந்துவிட்டார். நானும் மைனியும் கருப்பட்டிக் காபியோடு உட்கார்ந்திருந்தோம்.

"மைனி, இந்த வருஷம் அரிசி போடக் கூடாதாம். அச்சடிச்சே போட்டுட்டாவ" என்று அழைப்பிதழின் பின்பக்கத்தைக் காட்டினேன்.

"நான் எதுக்குப் போடப்போறேன்? அதான் போட்டாச்சே."

"போன வருஷம் கல்யாணம்னு நினைச்சுல்லா போட்டீய. இந்த வருஷம் மாமாகிட்டயும் சொல்லி வைங்க, இது கச்சேரின்னு."

மைனி தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏளா, உங்க மாமா நினைச்சிருப்பாரு. எனக்குக் கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? நீதான வந்து தாளத்துல இருந்து காபி வரைக்கும் சொல்லிட்டுப் போன. நான் தெரிஞ்சிதான் அரிசி நனைச்சுக் கொண்டுவந்தேன். உங்க ரெண்டு பேருக்கும் அட்சத போட எனக்கு வேற எப்பம் வாய்ச்சிது?"

அழைப்பிதழை மடியில் போட்டுவிட்டு அழுதேன். மைனி, "இப்பம் எதுக்கு அழுவுத? காபி ஆறுது பாரு" என்று அதட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். இவர் கையெல்லாம் கிரீஸ். என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "என்னளா, அக்கா எதும் சொல்லிட்டாளா?" என்று கேட்டார்.

"நமக்குக் கல்யாணம் ஆயிட்டாம்" என்றேன்.

"என்னது? எப்பம்?"

"போன தையில. நீங்க வாசிச்சிட்டு இருந்தீய."